கோப்பி மெஷின் வாங்குமுன்: எங்கள் நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

அலுவலகத்துக்கு, அழுத்தத்தில் கடுங்கோப்பி வடிக்கும் எஸ்பிரெசோ மெஷின் ஒன்று வாங்குவதென்று போன கூட்டத்தில் தீர்மானித்து, மூன்று விலைமனுக்களும் எடுத்துவிட்டீர்கள். கோப்பில் போடுவதற்காக மூன்றும் கணக்குப் பிரிவுக்கு வந்தபோது ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஒன்று அழுத்தம் 15 பார் என்கிறது, அடுத்தது 19, மூன்றாவது 20. ஒன்றில் தொடுதிரை இருக்கிறது. இன்னொன்றில் பக்கவாட்டில் பால் குடுவை செருகி, ஒரு பொத்தானை அழுத்தினால் நுரைத்த பால் சேர்ந்த கப்புச்சினோ வருமாம். இந்த மெஷினைத் தினமும் யார் கழுவுவது என்பது மட்டும் எங்கும் இல்லை. கடைக்காரர் அதை எழுதமாட்டார், அது அவருடைய வேலையும் இல்லை. எங்கள் கூட்ட அறிக்கையிலும் இல்லை என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. உள்ளுக்குள் ஒரு குறிப்பாகக் கொடுக்காமல் எல்லோரும் வாசிக்க எழுதுவதற்குக் காரணம், உள்துறைமுகம் வீதியிலும் உவர்மலையிலும் எங்களைப் போலப் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகங்கள் சிலவற்றில் இதே பேச்சு நடப்பதாகக் கேள்விப்பட்டதுதான். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்காகத் திறந்த கடைகளில் கப்புச்சினோ குடித்துப் பழகிய பிள்ளைகள் இப்போது எல்லா அலுவலகங்களிலும் வேலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஆசையில் பிழை இல்லை. நானும் கோப்பிக்காரன்தான்.

"எங்களுக்கு எதுக்கு வெள்ளைக்காரன்ர கோப்பி, தேத்தண்ணி காணாதோ" என்று கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டார். தேத்தண்ணியும் வெள்ளைக்காரன் நட்டதுதான் அண்ணை. கோப்பி அதற்கு மூத்தது. 1869 இல் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த சில பத்தாண்டுகளில் தோட்டங்கள் அழிந்துபோகும் வரை மலைநாட்டின் பயிர் கோப்பிதான். அந்தக் கோப்பித் தோட்டங்களுக்காகத்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்த சனம் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தது. போய்ச் சேராமல் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பி எங்களுக்கு அந்நியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தேத்தண்ணியை நிறுத்தப் போவதாகவும் யாரும் சொல்லவில்லை. பிளேன்ரீ இல்லாமல் இந்த அலுவலகத்தில் ஒரு கோப்புக்கூட நகராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டத்தில் கழுவும் பேச்சு ஒரே ஒரு தடவை வந்தது. "அதை அக்கா பாத்துக்கொள்ளுவா" என்றார் ஒருவர், மற்றவர்கள் தலையாட்டினார்கள். அக்கா கூட்டத்தில் இல்லை. சமையலறையில் எங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. காலையில் எங்கள் எல்லோருக்கும் முன்னர் வந்து கூட்டித் துடைப்பது, குடிதண்ணீர்ப் போத்தல் மாற்றுவது, பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேத்தண்ணி, அத்தனை கோப்பையும் கழுவுவது, வங்கிக்கும் தபாற்கந்தோருக்கும் போய்வருவது என்று அவவின் நாள் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. அதற்குமேல் என்ன சுமத்தப் போகிறோம் என்பது கை தூக்கிய எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முழுத் தானியங்கி மெஷின் என்றால் பொத்தானை அழுத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். குடிப்பவருக்குத்தான் முடிந்தது. மெஷினுக்குள்ளே கொட்டை அரைபட்டு, அமுக்கப்பட்டு, சுடுதண்ணீர் போய், சக்கை ஒரு பெட்டிக்குள் விழுகிறது. பத்துப் பதினைந்து கோப்பைக்கு அந்தப் பெட்டி நிரம்பிவிடும், கொட்டாவிட்டால் மெஷின் அடுத்த கோப்பை தராது. போட்டவுடனும் நிறுத்தும்போதும் மெஷின் தன்னைத்தானே கழுவிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கீழ்த்தட்டில் விடும். அதையும் ஊற்ற வேண்டும். தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் இரண்டு லீற்றருக்கு உட்பட்டது, ஒரு நாளில் ஒருமுறைக்கு மேல் நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை கோப்பி வடியும் பாகத்தைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, உலரவிட்டுப் போட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை அதன் நகரும் இடங்களுக்கு உணவுத்தரக் கிறீஸ் பூச வேண்டும். கோப்பியின் எண்ணெய்ப் பசையைக் கரைக்க ஒரு மாத்திரை, சுண்ணாம்புப் படிவைக் கரைக்க வேறொரு திரவம். இவை எதுவும் கடினமான வேலை இல்லை. ஆனால் ஒருநாளும் தவறக் கூடாது.

கொழும்பில் குளிரூட்டிய மாடியில் ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். எங்களுடையது கடலோர ஊர். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஈரச் சக்கையை உள்ளே விட்டுவிட்டுப் போய், திங்கள் போயா லீவும் கழிந்து செவ்வாய்க்கிழமை திறந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதைவிட மோசம் கரப்பான். மெஷினின் உட்பக்கம் எப்போதும் இளஞ்சூடும் ஈரமும் இருட்டுமாக இருப்பதால் அதற்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. எங்கள் சமையலறையில் கரப்பான் இல்லை என்று சத்தியம் செய்யக்கூடியவர் யாராவது இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்கட்டும்.

ஆகவே என் முதற் கோரிக்கை: கழுவும் வேலைக்கு ஒரு ஆளைப் பெயர் குறித்து, நேரம் குறித்து, கொடுப்பனவு குறித்து எழுதிய பிறகு மெஷினைத் தெரிவு செய்யுங்கள். அக்காவிடம் முதலில் கேளுங்கள். அவ சம்மதித்தால் நாளுக்கு இருபது நிமிடம் என்று கணக்கிட்டு மாதக் கொடுப்பனவு கொடுங்கள். பூட்டும் நாளில் கடைக்காரரின் ஆள் அவவுக்குத்தான் காட்டிக்கொடுக்க வேண்டும், முகாமையாளருக்கு அல்ல. கழற்றிப் பூட்டும் முறையை ஒரு பக்கத்தில் படத்தோடு தமிழில் எழுதி நான் தருகிறேன், கூடவே வரும் புத்தகத்தில் தமிழ் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவ சம்மதிக்காவிட்டால் எங்களில் ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். ஆளாளுக்கு முறை வைத்துச் செய்யலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்க முறை போட்ட பட்டியல் இன்னும் கதவில் ஒட்டியபடி இருக்கிறது. பெட்டியைத் திறந்து பாருங்கள், போதும்.

கழுவுபவர் யார் என்பது முடிவானதும் மெஷின் வகைகளில் இரண்டு தானாகவே விழுந்துவிடும் என்பது என் கணிப்பு.

பால் குடுவை வைத்தது முதலில் விழும். குடுவை, குழாய், நுரைக்கும் மூக்கு என்று பால் ஓடிய இடமெல்லாம் அன்றன்றே கழுவப்பட வேண்டும். இந்த வெக்கையில் குழாய்க்குள் தங்கிய பால் பின்னேரத்துக்குள் புளித்துவிடும், அடுத்த நாள் அதன் வழியாகத்தான் எல்லோருடைய கப்புச்சினோவும் வரும். அதோடு நாங்கள் நாளாந்தம் பாவிப்பது பால்மா. கரைத்த பால்மாவும் நுரைக்கும், ஆனால் கரையாத கட்டி ஒன்று அந்த மெல்லிய குழாயில் அடைத்தால் யார் கழற்றுவது? எனக்குத் தெரிந்து எங்கள் ஆட்களுக்குத் தேவை நுரை இல்லை. கை தூக்கியவர்களில் பாதிப் பேர் எஸ்பிரெசோவைக் குடித்ததே இல்லை. முப்பது மில்லிலீற்றர் கறுப்புக் கோப்பி சின்னக் கோப்பையில் வந்தால் "இதென்ன கசாயம்" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது நல்ல பால்கோப்பி. எஸ்பிரெசோவை எடுத்து, பிளாஸ்கில் இருக்கும் சுடுபாலை ஊற்றி, சீனி போட்டால் அது கிடைத்துவிடும். நுரை வேண்டும் என்பவருக்கு மெஷினின் பக்கத்தில் சாதாரண ஆவிக் குழாய் ஒன்று இருந்தால் போதும், பாவித்தவுடன் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

ஒரு கோப்பைக்கான தூளை அடைத்த சின்னச் சிமிழைச் செருகி வடிக்கும் கப்சியூல் மெஷினும் விழும், வேறு காரணத்துக்காக. சுத்தத்தில் அதுதான் சுலபம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் கோப்பி ஐந்தாறு கிராம், மிச்சம் அலுமினியமும் பிளாஸ்டிக்கும், முழுவதும் ஒரு கம்பனியின் கப்சியூலுக்கே கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பலசரக்குக் கடையில் போய்க் கப்சியூல் கேட்டால் அடுத்த கதவு பாமசி என்று கையைக் காட்டுவார்கள்.

மூன்றாவது வகை, கைப்பிடி வைத்தது. கோப்பிக் கடைகளில் பார்ப்போமே, அது. அரைத்த தூளைக் கூடையில் போட்டு அமுக்கி, கைப்பிடியை மாட்டி வடிப்பது. உண்மையில் நல்ல கோப்பி அதில்தான் வரும். பதினெட்டு கிராம் தூளுக்கு முப்பத்தாறு கிராம் கோப்பி, இருபத்தைந்து முப்பது விநாடியில் வடிய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வேகமாக வடிந்தால் புளிக்கும், இழுபட்டால் கைக்கும். அதைச் சரிசெய்வது அரைவை. எனவே மெஷினின் விலைக்குக் கிட்டவே நல்ல அரைவை இயந்திரமும் வாங்க வேண்டும், அதைப் பழகிய ஆளும் வேண்டும். எங்கள் வரைபடப் பிரிவுத் தம்பி ஆர்வத்தோடு முன்வந்தார். அவர் கெட்டிக்காரர், ஐயமில்லை. அடுத்த வருடம் அவர் கட்டாருக்குப் போனால் மெஷின் யாரிடம் போகும்? இப்படி ஒரு ஆள் நிரந்தரமாக இருக்கும் அலுவலகம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதற்கே வாக்களிப்பேன். பாகங்கள் எளிமையானவை, கழற்றிப் பூட்டலாம், பல வருடம் உழைக்கும்.

இந்த 15, 19, 20 பார் பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்பிரெசோ என்பது ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் வடிவது. 1901 இல் இத்தாலியில் பெஸ்ஸெரா என்பவர் காப்புரிமை எடுத்த மெஷின் ஆவி அழுத்தத்தில் ஓடியது, ஒன்று ஒன்றரை பாருக்கு மேல் ஏறவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு காஜியா என்பவர் நெம்புகோலும் சுருள்வில்லும் வைத்து அழுத்தத்தை ஏற்றியபோதுதான் மேலே பொன்னிற நுரை வந்தது. 1961 இல் ஃபாயெமா நிறுவனத்தின் ஈ61 மெஷின் அந்த வேலையை மின்பம்பிடம் கொடுத்தது. இன்று சிறிய மெஷின்களில் இருக்கும் பம்ப் 15 பார் வரை தள்ளக்கூடியது, அவ்வளவுதான் அந்த எண்ணின் அர்த்தம். மோட்டார் சைக்கிள் மீற்றரில் 160 என்று இருக்கிறது என்பதற்காகக் கிண்ணியாப் பாலத்தில் யாரும் 160 இல் ஓடுவதில்லை. விலைமனுக்களை ஒப்பிடும் அட்டவணையில் "அழுத்தம்" என்ற நிரலுக்குப் பத்துப் புள்ளி போட்டிருக்கிறீர்கள். அதை அழித்துவிட்டு "கோப்பி வடியும் பாகத்தைக் கையால் கழற்றலாமா" என்று எழுதுங்கள். டிலோங்கி, பிலிப்ஸ், சாயெக்கோ போன்றவற்றில் அது கழன்று வரும். ஜூராவில் உள்ளேயே பூட்டியிருக்கும், மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்யலாம். இரண்டு முறையிலும் நல்லது கெட்டது உண்டு. ஆனால் அழுக்கைக் கண்ணால் கண்டு குழாயடியில் கழுவக்கூடியதுதான் எங்கள் சமையலறைக்குப் பொருந்தும்.

அடுத்தது தண்ணீர். இதைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் வாயே திறக்கவில்லை. கோப்பிக் கோப்பையில் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான், மெஷினைக் கொல்லுவதும் பெரும்பாலும் அதுதான். சமையலறைக்குப் போய் எங்கள் கேத்திலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு, மெஷினின் சூடாக்கிக்குள் விரல் நுழையாத இடத்தில், நீங்கள் பார்க்க முடியாமல் படியும். சூடு ஏறப் பிந்தும், கோப்பி ஆறி வரும், பிறகு ஒருநாள் தண்ணீர் போகும் வழியே அடைபடும்.

எங்கள் வளவில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. குழாயில் வருவது கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் நீர் வழங்கல் சபையின் தண்ணீர். மற்றது கிணறு. குழாய் நின்ற நாட்களில் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்கும் வருகிறது, தேத்தண்ணியின் சுவையிலேயே எனக்கு அது தெரிந்துவிடும். கடலுக்குக் கிட்டிய கிணறு என்பதால் சுண்ணாம்போடு உப்பும் சேரும். உப்பிலுள்ள குளோரைட்டு, துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்லப்படுவதையும் மெல்ல மெல்ல அரிக்கும். மெஷினுக்குக் கிணற்றுத் தண்ணீர் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. இதைத் தொட்டி மூடியில் எழுதி ஒட்ட வேண்டும், ஏனென்றால் குழாய் நின்ற அன்று பத்து மணிக்கு யாராவது ஒருவர் வாளியோடு வருவார்.

அப்படியானால் நுண்ணிதாக வடிகட்டிய ஆர்.ஓ. போத்தல் தண்ணீரையே ஊற்றலாமே என்று கேட்பீர்கள். ஊற்றலாம், ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. அதிலிருந்து கனியங்கள் ஏறக்குறைய முழுவதும் எடுபட்டிருந்தால் கோப்பி சப்பென்று இருக்கும். சில கொதிகலன்களில் தண்ணீர் மட்டத்தை அறியும் கருவி, தண்ணீர் மின்சாரம் கடத்துவதை வைத்தே வேலை செய்வதால், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இல்லை என்று அடம்பிடிக்கும். கோப்பிக்கு லீற்றருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த பொருட்கள் இருப்பது நல்லது என்பது இந்தத் துறையில் பலகாலமாகச் சொல்லப்பட்டு வரும் அளவு. அதை அளக்கும் டி.டி.எஸ். மீற்றர் ஒன்று பேனை அளவுதான், விலையும் பெரிதில்லை. தண்ணீரின் வன்மையை, அதாவது சுண்ணாம்பு அளவை, பார்க்கும் காகிதப் பட்டியும் இருக்கிறது. குழாய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு, தொட்டிக்குள் செருகும் வடிகட்டி தேவையா, படிவு நீக்குவது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று முடிவெடுக்கலாம். அந்தத் திரவத்தையும் மெஷினோடு சேர்த்து ஒரு வருடத்துக்குக் காணுமளவு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வினாகிரி ஊற்றினால் போதும் என்று சொல்லும் மாமாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மணமும் போகாது, உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்களுக்கும் கூடாது.

இனிக் கனடாக் கதை. எங்களோடு முன்னர் வேலை செய்து இப்போது டொரொண்டோவில் இருக்கும் அண்ணன், தன் வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல மெஷின் ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன் என்றாராம். மனதார நன்றி. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் அன்றோடு சரி. ட்ரான்ஸ்போமர் வைத்து வோல்ற்றைக் குறைக்கலாம், 1,500 வாட் இழுக்கும் மெஷினுக்கு அது தூக்கவே ஆள் தேடும் பாரமாக இருக்கும். ஹேர்ட்ஸை அது மாற்றாது. அந்தச் சின்னப் பம்ப் மின்சாரத்தின் அதிர்வோடு சேர்ந்து அடிப்பது, 50 இல் மெதுவாக அடிக்கும். அந்த அண்ணனுக்கு உதவ மனமிருந்தால் கோப்பிக் கொட்டைக்குக் காசு அனுப்பச் சொல்லுங்கள்.

அது சின்ன உதவியாகவும் இராது. பத்துப் பேர், நாளுக்கு இரண்டு கோப்பை, கோப்பைக்கு ஒன்பது கிராம் என்று வையுங்கள். நாளுக்கு 180 கிராம், மாதம் 22 வேலைநாள் என்றால் நான்கு கிலோவுக்குக் கிட்ட. விலைமனுவில் மெஷினின் விலையைத்தான் எல்லோரும் பார்க்கிறோம், ஆனால் சங்கப் பணத்தை மாதாமாதம் தின்னப் போவது கொட்டை. அதற்கு வரவுசெலவில் ஒரு வரிகூட இல்லை. மலைநாட்டு அராபிக்காவை வறுத்து விற்பவர்கள் இப்போது இருக்கிறார்கள், அவர்களிடம் மாதத்துக்கு இரண்டு தடவையாக எடுக்கலாம். எண்ணெய் மினுங்கும் கறுத்த வறுவல் வேண்டாம், அது அரைவைக்குள் ஒட்டிக்கொள்ளும். மேல் தொட்டியில் அன்றைய கொட்டையை மட்டும் போட்டு, மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். இந்த ஈரப்பதத்தில் திறந்து வைத்த கொட்டை சீக்கிரமே வாசத்தை இழந்துவிடும்.

கொட்டை தீர்ந்த நாளில் நடக்கப் போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். யாராவது ஒருவர் வீட்டிலிருந்து மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பித்தூளைக் கொண்டுவந்து, மெஷினில் தூள் போடும் வாய் ஒன்று இருப்பதைக் கண்டு, அதற்குள் போடுவார். அது கொதிதண்ணீரில் போட்டு மண்டி அடியில் தங்கவிட்டுக் குடிக்கும் தூள், மாவாக இருக்கும். மெஷினின் சல்லடையை அப்படியே அடைத்துவிடும். உடனடிக் கோப்பித்தூள் போட்டால் உள்ளேயே கரைந்து பிசினாகிவிடும். ஊர்க் கோப்பிக்குக் கேத்திலும் வடியும் இருக்கின்றன. மழைக்காலத்தில் நான் அதைத்தான் குடிப்பேன், மெஷின் வந்தாலும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக. சிறிய மெஷினுக்கு 13 அம்பியர் பிளக் பொயின்ட் போதும், ஆனால் அதே பொயின்டில் கேத்திலையும் மாட்டக் கூடாது. ஐரோப்பிய இரண்டு கால் பிளக்கோடு வந்தால் பேனை முனையால் துவாரத்தைத் திறந்து செருகுவது எங்கள் வழக்கம். தண்ணீர் புழங்கும் சாமானுக்கு அது ஆபத்து, எர்த் கிடைக்காது. வயர்மனைக் கூப்பிட்டுச் சரியான பிளக் போடுங்கள், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடட்டும். வடியும் நடுவில் கரண்ட் போனால் உட்பாகம் பாதி வழியில் நின்றுவிடும், அப்போது பலவந்தமாகக் கழற்றக் கூடாது, கரண்ட் வரும் வரை விட வேண்டும். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய நாட்களை மறந்திருக்கமாட்டீர்கள். எங்கள் சின்ன ஜெனரேட்டர் கணினிகளுக்கானது. மெஷினை அதில் மாட்ட விடமாட்டேன் என்று கணக்குப் பிரிவின் சார்பில் இப்போதே எழுதி வைக்கிறேன்.

திருத்த வேலை பற்றித்தான் கடைக்காரரிடம் நன்றாகக் கறக்க வேண்டும். "வருட உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. வீட்டுப் பாவனைக்கென்று செய்த மெஷின்களுக்கு, அலுவலகத்தில் வைத்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனை பல கம்பனிகளிடம் உண்டு. எங்களுக்குத் தரப்போவது செல்லுமா என்று கடிதத்தில் கேளுங்கள். பழுதானால் ஆள் திருமலைக்கு வருவாரா, அல்லது நாங்கள் பெட்டியில் கட்டிக் கொழும்புக்கு பஸ்ஸில் ஏற்ற வேண்டுமா? ஏற்றுக்கூலி யாருடையது? வளையம், வடிகட்டி, பம்ப் ஆகியவை நாட்டுக்குள் கையிருப்பில் இருக்கின்றனவா? இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு சின்ன உதிரிப்பாகத்துக்காக எத்தனை சாமான்கள் மூலையில் கிடந்தன என்று எல்லோருக்கும் தெரியும். இதற்கு நேரான பதில் தரும் கடையின் மெஷின் கொஞ்சம் விலை கூடினாலும், தொடுதிரை இல்லாவிட்டாலும், அதை எடுங்கள்.

மொத்தத்தில் நான் கேட்பது பால் குடுவை இல்லாத, உட்பாகம் கழன்று வரும், ஆவிக் குழாய் மட்டும் உள்ள சாதாரணத் தானியங்கி. ஒரு கறுப்புக் கோப்பிக்கு ஒரு நிமிடம் என்றால் பத்துப் பேர் வரிசையில் நின்று முடியப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் சமையலறை வாசலில் நின்று கதைப்பதால் அலுவலகம் ஒன்றும் மூழ்கிவிடாது, முகாமையாளர் ஐயா மன்னிக்க.

அதற்கு முன்னர் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கேட்கிறேன். என்னிடம் ஆறு பேருக்கு வடிக்கும் மோக்காப் பானை ஒன்று இருக்கிறது. அது எஸ்பிரெசோ இல்லை, அழுத்தம் ஒன்றிரண்டு பார்தான். ஆனால் சமையலறைக் காஸ் அடுப்பில் வைத்தால் கடுங்கோப்பி வரும், சுடுபால் ஊற்றினால் பால்கோப்பிக்கு ஒரு குறையும் இராது. பக்கத்தில் ஒரு கொப்பி வைப்போம். குடித்தவர் ஒரு கோடு போடட்டும். பானையைக் கழுவியவரும் கையெழுத்துப் போடட்டும். மாத முடிவில் அந்தக் கொப்பியைக் கூட்டத்தில் வையுங்கள். எத்தனை பேர் உண்மையில் குடிக்கிறார்கள் என்பதும் தெரியும், பத்துப் பேர் குடித்த பானையை ஒவ்வொரு நாளும் கழுவியது யாருடைய கை என்பதும் தெரியும். எல்லாக் கையெழுத்தும் அக்காவுடையதாகவே இருந்தால், கொடுப்பனவைத் தீர்மானிக்காமல் மெஷினுக்கான காசோலையில் பொருளாளர் கையெழுத்திட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

விலைமனுக்கள் 60 நாளுக்குச் செல்லுபடியாகும், பார்த்துவிட்டேன். பானையைத் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன். கொட்டை அரைத்து அரைக் கிலோ வாங்குவதற்குச் சில்லறைச் செலவுப் பணத்திலிருந்து அனுமதி தந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் சாதாரண உறுப்பினன்,
கணக்குப் பிரிவு,
திருகோணமலை.